'திருப்பித் தராத குடை'யைக் கேட்டவர் யார்?

"காலை வணக்கம்!" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் மாடியேறி வந்தபோது, வெளியே டிராம் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தன.

குவாத்தா வாயைப் பிளந்தார். வணக்கத்துக்காக அல்ல. வந்திருப்பவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹகோதாதே ஊரில் டாக்சி ஓட்டும் குவாத்தாவின் வண்டியில் மீட்டர் பழுதானாலும் பழுதாகும், பாடகி ஹயாசே சிசுருவின் பாட்டு மட்டும் நிற்காது.

"மன்னிக்கணும்," என்று அந்த அம்மாள் சிரித்தார். "பொழுது சாயற நேரத்துல காலை வணக்கம் சொல்றேன் பாருங்க. மேடைக்காரங்க பழக்கம். வேலைன்னு ஒரு படி ஏறிட்டா, எந்த நேரமானாலும் வாயில இதுதான் வருது."

மினெகிஷி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பீட்டுக் கம்பெனியில் துப்பறிந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். சோபா நூடுல்ஸ் விற்கும் கடைக்கு மேலே இருந்த இந்த அறைக்கு ஊரார் காணாமல் போன பூனை முதல் காணாமல் போன மாப்பிள்ளை வரை எல்லாவற்றுக்கும் வருவார்கள். சவாரி இல்லாத வேளையில் குவாத்தாவும் வந்து உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பாதித் துப்பறிவாளர் என்று நினைத்துக்கொள்வார். மினெகிஷி அதைத் திருத்தியதில்லை.

"நாளைக்கு இங்க என் கடைசிக் கச்சேரி," என்றார் சிசுரு. "'திருப்பித் தராத குடை' உயிர் பிழைச்சது இந்த ஊர்லதான். அதைப் பிழைக்க வச்சவர் யாருன்னு எனக்குத் தெரியணும் சார்."

"பிழைச்சதுன்னா?"

"அது ரெக்கார்டோட பின்பக்கம். முன்பக்கம் 'ஞாயிற்றுக்கிழமை ரிப்பன்'னு ஒரு துள்ளல் பாட்டு. கம்பெனிக்கு அதுமேலதான் ஆசை. கடை வாசல்ல பியர் பெட்டியைக் கவுத்துப் போட்டு, அதுமேல ஏறி நின்னு பாடுவோம். முன்பக்கப் பாட்டு மட்டும்தான். அழுகைப் பாட்டைப் பாடினா கடைக்காரன் விரட்டுவான்னு பின்பக்கத்தை எந்த ஊர்லயும் பாட விடலை."

"பாடுவோம்னு சொன்னீங்க."

சிசுருவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நானும் ஹருயோவும். ஒரே கம்பெனி, ஒரே வருஷம். சத்திரத்துல ரெண்டு பேருக்கு ஒரே போர்வை. அவ காலு ஐஸ் மாதிரி இருக்கும், என் காலுமேல வச்சுக்குவா. இந்த ஊருக்கு வந்ததும் அவளுக்குக் காய்ச்சல். நான் மட்டும் அடுத்த ஊருக்கு ரயில் ஏறினேன். காய்ச்சல் நெஞ்சுல இறங்கி, அந்தப் பனிக்காலம் பூரா அவ இங்கேயே கிடந்தா. அப்புறம் பாட்டு ஜெயிச்சுது. அவ ஒரு வாழ்த்துகூடச் சொல்லாம கம்பெனியை விட்டே போயிட்டா. பொறாமை. வேற என்ன சொல்றது?"

அந்தக் காலத்தில் மதுக்கடைகளுக்கெல்லாம் கம்பி வழியாகப் பாட்டு அனுப்பும் நிலையம் ஒன்று ஊருக்கு ஊர் இருந்தது. கடையிலிருந்து போன் செய்து கேட்டால், நிலையத்துப் பெண்கள் அந்த இசைத்தட்டை எடுத்துச் சுழல விடுவார்கள். தோழிகள் இருவரும் ஊருக்கு வந்த அன்றே அங்கே போய், ஆளுக்கொரு ரெக்கார்டைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதன் பிறகு யாரோ ஒருவர் தினமும் சாயங்காலம் போன் செய்து 'குடை'யைக் கேட்கத் தொடங்கினார். அது காதில் விழுந்த மற்றக் கடைகளும் போன் செய்து கேட்டன. பனி உருகுவதற்குள் டோக்கியோவே கேட்டது.

"அந்த ஆள் நான்தான்னு ஒனோதேரான்னு ஒருத்தர் வந்திருக்கார்," என்றார் சிசுரு. "நாளைக்கு மேடையில அவருக்குத் தலைகுனிஞ்சு நன்றி சொல்றதா ஏற்பாடு. மனசு என்னவோ ஒப்பலை. தப்பான ஆளுக்குக் குனிஞ்சிட்டா, சரியான ஆளுக்குக் குனிய எனக்கு இன்னொரு மேடை கிடையாது சார்."

* * *

ஒனோதேரா படகுத்துறையில் கயிறு இழுத்து ஓய்ந்தவர். உப்புக் குழம்பில் மிதந்த நூடுல்ஸை உறிஞ்சியபடி, கேட்காமலே எல்லாம் சொன்னார்.

"ரெக்கார்டு கடை வாசல்ல சின்னப் பொண்ணா பெட்டிமேல நின்னு 'குடை'யைப் பாடினாங்க பாருங்க, அப்பவே என் மனசு உடைஞ்சு போச்சு. அன்னையிலேர்ந்து தினம் போன்தான்."

குவாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மினெகிஷி, "குழம்பு ஆறிடப் போகுது, சாப்பிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

"இதுக்குமேல என்ன அண்ணே விசாரணை?" என்றார் குவாத்தா, வண்டியைக் கிளப்பியபடி. "இவருக்கே மாலையைப் போட்டுடலாம்."

"மாலை வாடாது. முதல்ல தகிசாவா அம்மாவைப் பார்ப்போம்."

தகிசாவா அம்மா அந்த நிலையத்தில் தட்டுப் போட்டவர். கீழே கணப்பு வைத்து மேலே போர்வை விரித்த குட்டை மேசைக்குள் காலை நீட்டிவிட்டால், விருந்தாளிக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். அன்றும் எழுந்திருக்கவில்லை.

"ஒனோதேராவா? அவன் வாயில எது உண்மை? கூப்பிட்டது பொம்பளைய்யா! ரெக்கார்டு வந்த மறுநாள் சாயங்காலமே கூப்பிட்டா. அந்தப் பின்பக்கத்தை நாங்களே போட்டுக் கேட்கலை. அவ கேட்டப்புறம்தான் தட்டைத் திருப்பினேன். எந்தக் கடைன்னு கேட்டா சொல்ல மாட்டா. காசு விழற சத்தம் கேட்கும், தெருப் போன். இருட்டற நேரத்துல 'காலை வணக்கம்'னுதான் ஆரம்பிப்பா. நல்லா ஏத்திக்கிட்டுப் பேசுதுன்னு நாங்க சிரிப்போம். விடியல் அக்கான்னு பேரே வச்சோம்."

வெளியே வந்ததும் குவாத்தா துள்ளினார். "கண்டுபிடிச்சிட்டேன்! சிசுரு அம்மாவேதான்! தன் பாட்டைத் தானே கேட்டிருக்காங்க!"

"தானே கூப்பிட்டிருந்தா, யாருன்னு தேட நம்மகிட்ட எதுக்கு வரணும்?"

குவாத்தாவின் துள்ளல் அடங்கியது.

"சரி, இதைச் சொல்லு," என்றார் மினெகிஷி. "இந்த ஊர்ல அந்தப் பாட்டு கேட்காத கடை எதாவது இருக்கா?"

"குடிக்கிற கடை, திங்கற கடை, முடி வெட்டற கடை, எல்லாத்துலயும் ஓடும். கோயில் சரிவுக்குக் கீழ ஒரு சாப்பாட்டுக் கடைதான் விதிவிலக்கு. அங்க ரேடியோகூடக் கிடையாது. ஒருநாள் 'குடை'யை முணுமுணுத்தேன். அந்தம்மா கரண்டியாலேயே மேசையைத் தட்டி, 'சாப்பிட வந்தியா, கச்சேரி பண்ண வந்தியா'ன்னு விரட்டிவிட்டுது. கணவாய் மீன் வறுவல் மட்டும் அமிர்தம்."

"அப்போ நாளைக்கு அங்கேயே சாப்பிடுவோம். எல்லாரும்."

* * *

மறுநாள் கடை திறக்கும் வேளைக்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள். சிசுரு தொப்பியைக் கண் வரை இழுத்து விட்டிருந்தார். ஒனோதேரா மேடைக்காக வாங்கிய புதுக் கோட்டில் வந்திருந்தார். கடைக்காரி தலையில் துணி கட்டி, முதுகைக் காட்டியபடி கணவாய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒனோதேரா அண்ணே," என்று மினெகிஷி தொடங்கினார். "கடை வாசல்ல 'குடை'யைக் கேட்டதா சொன்னீங்க. அதை எந்தக் கடை வாசல்லயும் பாடவே இல்லையே."

ஒனோதேராவின் கழுத்து புதுக் காலருக்குள் இறங்கியது. "பிரபலமானப்புறம் நானும் போன் பண்ணிக் கேட்டேன். அது நிஜம். என் பெண்சாதி போனப்புறம் ஒருநாள் பார்ல விளையாட்டா, நான்தான் முதல்ல கேட்டவன்னு சொன்னேன். எல்லாரும் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது? மன்னிச்சிடுங்கம்மா."

"நானும் உங்களை நம்பத்தான் ஆசைப்பட்டேன்," என்றார் சிசுரு மெல்ல.

"கூப்பிட்டது ஒரு பெண்," என்று மினெகிஷி தொடர்ந்தார். "யாரும் கேட்டிராத பின்பக்கத்தை மறுநாளே கேட்டிருக்கா. அப்போ அந்தப் பாட்டு அவளுக்கு முன்னாடியே தெரியும். ரெக்கார்டே முந்தின நாள்தான் இந்த ஊருக்கு வந்துது; ஒலிப்பதிவுக் கூடத்துல இருந்தவங்களுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கும். இருட்டற நேரத்துல காலை வணக்கம் சொல்லியிருக்கா."

"பார் பொண்ணுங்களும் அப்படிச் சொல்வாங்களே அண்ணே," என்று குவாத்தா குறுக்கே புகுந்தார்.

"சொல்வாங்க, தங்களுக்குள்ள, வேலைக்குள்ள நுழையும்போது. பாட்டுக் கேட்கப் போன் பண்ற வாடிக்கைக்காரி சொல்ல மாட்டா. இவளுக்கு அந்தப் போனே வேலை. புதுப் பாடகிகளைத் தெருப் போன்ல குரலை மாத்திப் பேசி, சொந்தப் பாட்டைக் கேட்கச் சொல்றது அப்போ கம்பெனிகளோட வழக்கம். பாட்டுத் தொழில் பண்றவ, அந்தப் பாட்டை அறிஞ்சவ, அந்தப் பனிக்காலம் பூரா இந்த ஊர்லயே இருந்தவ. மூணுக்கும் பொருந்தற ஆள் ஒருத்திதான். அவ இங்கேயே தங்கியிருந்தா, அந்தப் பாட்டோட சும்மா இருக்க அவளால முடியாதுன்னு நினைச்சேன். ஒண்ணு எப்பவும் போடுவா, இல்லை ஒருநாளும் போட மாட்டா."

கத்தி நின்றது.

"ஹருயோ?" என்றார் சிசுரு.

கடைக்காரி உடனே திரும்பவில்லை. அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். பிறகு திரும்பினார்.

"நல்லா குண்டாயிட்டே," என்றார்.

"நீ மட்டும் என்னவாம்!" என்றபடி சிசுரு தொப்பியைக் கழற்றினார். "ஏண்டி? காய்ச்சல்ல கிடந்தாலும் உன் பாட்டைப் போன் பண்ணிக் கேளுன்னுதானே கம்பெனியில சொல்லிட்டுப் போனாங்க?"

"அதுக்குத்தான் போனேன். காய்ச்சலோட, சத்திரத்துக்காரி செருப்பை மாட்டிக்கிட்டு. நிலையத்துப் பொண்ணு எந்தப் பாட்டு வேணும்னா. என் பாட்டு எனக்கே கேட்கப் பிடிக்கலைடி. உன்னோடது வாயில வந்துது. அடுத்த நாளும் அதேதான் வந்துது."

"அப்புறம் ஏன் சொல்லாம போனே?"

"ஒரே கம்பெனிக்காரி போன் பண்ணித் தூக்கிவிட்ட பாட்டுன்னு பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்சா, மோசடின்னு எழுதியிருப்பான். உன் முகத்தைப் பார்த்தா நான் உளறிடுவேன். எனக்கு வாய் நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" ஹருயோ ஈரத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "என் நெஞ்சு அப்பவே பழுதாயிடுச்சு. டாக்டர் இனிமே பாடாதேன்னுட்டார். ரெண்டு பேர்ல ஒருத்தியாவது பாடட்டுமேன்னு இருந்துது."

சிசுரு எழுந்தார். மேசையைச் சுற்றிப் போய், எண்ணெய் படிந்த அந்தத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். ஊரறிந்த பாடகியை அப்படிப் பார்க்கச் சகிக்காமல் குவாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எழுந்திருடி. நல்ல துணியெல்லாம் பாழாயிடும்," என்று தோளைப் பிடித்து இழுத்த ஹருயோவும் இழுக்க முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடையில பாடறப்போ ரெண்டாவது சரணத்துல என் குரல் உடையும்," என்றார் சிசுரு, தலை நிமிராமல். "பேட்டிக்கு வந்தவங்க எல்லாரும், உங்களை விட்டுட்டுச் சொல்லாம போன அந்த ஆம்பளை யாருன்னு கேட்பாங்க. நான் சிரிச்சு மழுப்புவேன். அப்படி ஒருத்தனும் கிடையாதுடி. சொல்லாம போனது நீதான். உன்னைத் திட்டித்திட்டித்தான் முப்பது வருஷமா அதைப் பாடினேன்."

ஹருயோ அவர் தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

மினெகிஷி மற்ற இருவருக்கும் கண் காட்டினார். வெளியே வந்து, கடை திறந்ததும் வாசலில் மாட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த திரைத் துணியைத் தானே உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று மதியம் அந்தக் கடை திறக்கவில்லை.