ஒரு கரண்டி மரணம்

டெலிபோன் அலறியது!

குன்னூர் பஜார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தப் போன மூலிகை வைத்தியர் லிங்கசாமி, ஓடிப்போய் ரிஸீவரை எடுத்தார்.

"ஏனுங்க வைத்தியரே..." அழுகையில் குழறியது ஒரு பெண் குரல். "கருணாகரன் ஊட்டுக்காரி மல்லிகா பேசறேனுங்க. அவரு... போயிட்டாருங்க!"

"எ... என்னாச்சும்மா?"

"சஷ்டி விரதமுங்க. நேத்துலருந்து பச்சத்தண்ணிதான். விடியக்காலம் வேர்த்துக் கொட்டுச்சு, கையி காலு வெடவெடன்னு... அப்படியே சாஞ்சுட்டாருங்க! சர்க்கரை அடியோட எறங்கிப் போச்சுன்னு டாக்டரு சொல்றாருங்க."

"என் பொடி சாப்பிட்டாரா?"

"வேளை தவறாமச் சாப்பிட்டாருங்க."

"அய்யோ! விரதத்துல மருந்து எதுக்கும்மா?"

"மருந்துங்களா? இங்கிலீஷ் மாத்திரைன்னாத்தான் விரதம் கெடும், இது வெறும் மூலிகைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!"

ரிஸீவர் நழுவியது.

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை... பொடியில் அதெல்லாம் இருந்தது வாஸ்தவம். கூடவே, கதவைச் சாத்திக்கொண்டு அவர் அரைத்துக் கலந்த இங்கிலீஷ் சர்க்கரை மாத்திரைகளும் இருந்தன! பின்னே, பந்தலூரிலிருந்தெல்லாம் ஜனம் சும்மாவா பஸ் ஏறி வரும்?

வெளியே தெரிந்தால் ஜெயில்தான். பாவி மனுஷன், செத்தவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. பொடி மூட்டையை இழுத்துப்போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார்.

திரும்பினால்... கடைக்குள் இன்ஸ்பெக்டர் சில்வஸ்டர்!

கையில், லிங்கசாமியின் போட்டோ ஒட்டிய டப்பா.

"கருணாகரன் ஊட்டுல எடுத்தது. உள்ளே என்ன வைத்தியரே?"

"சத்தியமா மூலிகைதானுங்க சார்! பச்சக் கொழந்தைகூடச் சாப்பிடலாமுங்க!"

"அப்ப நீங்க சாப்பிடுங்க."

"நா... நானா? எனக்குத்தான் சர்க்கரையே இல்லீங்களே!"

"மூலிகைதானே? ஒண்ணும் பண்ணாது. ம்... ஒரு கரண்டி!"

மறுத்தால் மாட்டிக்கொள்வார். நாக்கில் படாமல், தண்ணீரை ஊற்றி மடக்கென்று விழுங்கினார்.

சில்வஸ்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெளியே பனிமூட்டத்தில் ரோடே தெரியவில்லை.

அந்தக் குளிரிலும் லிங்கசாமிக்கு ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. விரல்கள் நடுங்கின. நெஞ்சு படபடத்தது. இப்படித்தானே கருணாகரனுக்கும்...!

எதிர் டீக்கடையில் சர்க்கரை இருக்கிறது. கேட்டால் ஜெயில். கேட்காவிட்டால் பாடை!

"சார்... கொஞ்சம் சர்க்கரை..."

"எதுக்குங்க?"

"உயிரு போகுது சார்!"

"மூலிகையிலயா போகுது?"

"மாத்திரை சார்! நானேதான் அரைச்சுக் கலந்தேன்! சர்க்கரை குடுங்க சார், காலுல உழறேன்!"

"கருப்புசாமி, கேட்டுட்டியா?"

"கேட்டேனுங்க சார்!" வாசலில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே வந்தார்.

சில்வஸ்டர் சாவகாசமாக டப்பாவை மூடினார்.

"உங்க பொடி லேபுக்குப் போயாச்சு. ரிசல்ட் வர்றதுக்குள்ள நீங்க கேரளா பார்டரைத் தாண்டிருவீங்க. அதான் டப்பாவைக் கழுவி, என் சம்சாரம் அரைச்ச வெந்தயத்தைப் போட்டுக் கொண்டாந்தேன்!"

லிங்கசாமி வாய் பிளந்தார்.

"அ... அப்ப இந்த வேர்வை? நடுக்கம்?"

"பயமுங்க! ஜீப்புல ஏறுங்க. உள்ளே போய்க் களி தின்னா சர்க்கரை, கொலஸ்ட்ரால், தொப்பை எல்லாமே எறங்கிரும்... அதுவும் கவர்மென்ட் செலவுல!"