இருநூற்று எண்பது கெல்வின்

காலையில் கோட்டுகாலில் தங்கை வீட்டிலிருந்து திரும்பிய சிஜி, செங்கல் வீட்டின் மாடியறைக் கதவைத் தள்ளியபோது கணவர் ஜெயதாஸ் மேஜைமேல் தலைசாய்ந்து கிடந்தார். உடம்பு விறைத்திருந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பால் விடாத கட்டன் காப்பி குடித்த டம்ளரின் அடியில் வாழைக்குப் போடும் விஷக் குருணை. அருகே கம்ப்யூட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

பாறசாலை எஸ்.ஐ. விமலகுமாரி மவுஸைத் தொட்டாள். இருண்ட திரையில் ஒரு வரைபடம் எழுந்தது. இடமிருந்து வலமாக இறங்கும் புள்ளிகள், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவள் கல்லூரியில் பௌதிகம் படித்தவள். ஆனாலும் அதில் பாதிதான் பிடிபட்டது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் கோப்பாக, நேரத்தோடு பதிவாகியிருந்தது. எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு அறையைப் பூட்டி முத்திரை வைத்தாள்.

கீழே சிஜி அழாமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் லேசர் ஆராய்ச்சி செய்தவர். முன்னாள் மாணவன் அபினோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு பிழை இருப்பதாகச் சந்தேகப்பட்டு, புதிய நிரல் எழுதி முடித்து, நேற்று சாயங்காலம்தான் முதன்முறையாக அதை ஓடவிடுவதாகப் போனில் சொன்னாராம். சந்தேகம் சரியென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இருந்தாராம்.

“அதுக்காகச் சாவுற ஆளில்ல மேடம்,” என்றாள். “கணக்கு தப்பினா திரும்பப் போடுவாரு. அவ்வளவுதான் அவரு.”

“கம்ப்யூட்டருல நெட்டு உண்டா?”

“இல்ல. கணக்கு ஓடும்போது யாரும் தொடப்பிடாதுன்னு வைக்கவே இல்ல.”

மதியத்துக்குமேல் டாக்டர் போன் செய்தார். சாவு நேற்றிரவு பத்து மணிக்கு முன்னால்.

நெய்யாற்றின்கரையிலிருந்து அபினை அந்த வீட்டுக்கே வரவழைத்தார்கள். இருபத்தெட்டு வயது, மெலிந்த முகம். அந்தக் கட்டுரையின் பலத்தில் ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் புறப்பாடு. நேற்று சாயங்காலம் வந்ததாகவும், ஏழு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டதாகவும் சொன்னான். கண்டக்டரும் அதையே சொன்னார்.

“அப்புறம் இங்க வந்தியா?”

“இல்ல மேடம். இப்பதான் வாறேன்.”

“சார் ஓடவிட்டது என்ன கணக்கு? எனக்குப் புரியும்படி சொல்லு.”

அவன் பொறுமையாக விளக்கினான். மிக மெல்லிய அடுக்குகளால் ஆன லேசர் அது. எலக்ட்ரான் அதில் படிப்படியாகக் குதித்திறங்கி, படிக்குப் படி ஒளி விடும். ஒளி எவ்வளவு பெருகும், எவ்வளவு வீணாகும் என்பதே கேள்வி. பெருக்கம் சிவப்புக் கோட்டுக்கு மேலிருந்தால் லேசர் எரியும்; கீழிறங்கினால் செத்தது. சூடு ஏற ஏறப் பெருக்கம் குறையும். சாதாரண அறையின் சூட்டிலும் எரியும் என்று அவர்கள் கட்டுரை சொன்னது. அடுக்குகளின் ஓரம் சொரசொரப்பாக இருப்பதை அதில் சேர்க்கவில்லை. சார் இப்போது சேர்த்தார்.

“ஒரே மூச்சில கணக்கு முடியுமா?”

“இல்ல. ஒவ்வொரு சூட்டுக்கும் தனியா ஓடணும். குளிரிலிருந்து மேலே போகும். ஒண்ணுக்கு ஒண்ணரை மணி நேரமாவது ஆகும்.”

“சாருக்கு என்ன வருத்தம்?”

“நேத்து திரையில காட்டினாரு. இருநூற்று அறுபது வரைக்கும் கோட்டுக்கு மேலே நிக்குது. இருநூற்று எண்பது கெல்வினில, ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற குளிரிலேயே, ஒரு நூலிழை கீழே போயிட்டு. பேரு போச்சேன்னு இடிஞ்சு உக்காந்தாரு.”

விமலகுமாரி தன் போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். இருநூற்று அறுபது, கோட்டுக்கு மேலே. இருநூற்று எண்பது, நூலிழை கீழே. சரியாகத்தான் சொன்னான்.

“கணக்கு நேத்து ஆறு மணிக்குத் தொடங்கியிருக்கு,” என்றாள். “நீ பஸ் ஏறினப்போ ஒரு புள்ளிகூட விழல்ல. நீ சொல்லுத அந்தப் புள்ளி விழுந்தது இன்னைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு. அப்போ சார் செத்து ராத்திரி முழுக்க ஆயிப்போச்சு. அவரு அதைப் பார்க்கவே இல்ல.”

அபின் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை.

“நான் அறையைப் பூட்டினபிறகு யாரும் உள்ளே போகல்ல. வெளியிலிருந்து பார்க்க நெட்டும் கிடையாது. சிஜி வாறதுக்கு முந்தி அந்தத் திரை முன்னால நின்ன ஆளுக்கு மட்டும்தான் அது தெரியும். டம்ளரில குருணையைப் போட்டு வச்சிட்டு பஸ் ஏறினே. வேலை போகுமேன்னு. அவரு கணக்குக்குக் காத்திருந்து மெள்ளக் குடிச்சிருக்காரு. ஒண்ணுதான் எனக்கு விளங்கல்ல. தப்பிச்சவன் காலையில ஏன் திரும்ப வந்தே?”

பக்கத்தறையிலிருந்த சிஜி வாசலில் வந்து நின்றதை அபின் கவனிக்கவில்லை.

“விடை என்னன்னு தெரியாம இருக்க முடியல்ல மேடம்,” என்றான். “சாரைத் தள்ளி வைக்காமலே, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.”

சிஜி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அவரு போட்டது சரியா இருந்துதா அபினே?”

“சரியாத்தான் இருந்தது, ஆன்ட்டி.”

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.