குளவி ராணியின் இரண்டாவது பாட்டு

"அந்தக் கூட்டைத் தொடாதீங்க."

தூறலில் குடையில்லாமல் ஓடிவந்தவளை ஏணியின் உச்சியிலிருந்து குனிந்து பார்த்தான் லைன்மேன். அவனுடைய மஞ்சள் ஹெல்மெட்டின் விளிம்பில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தெருவில் கரன்ட் இல்லை. கம்பத்து உச்சியில் ஒரு காக்கை இரும்புக் கம்பித் துண்டுகளால் கூடு கட்டியிருந்தது. அதில் ஒரு துண்டு நழுவி லைனில் விழுந்துவிட்டது.

"ஏங்க, தெருவே போன் போட்டுத் திட்டுது. கரன்ட் வேணுமா, காக்கா வேணுமா?"

"ரெண்டும் வேணும். கூட்டுக்குள்ள குஞ்சு இருக்கு. சத்தம் கேக்கல?"

"நீங்க என்ன... காக்காவுக்கு வக்கீலா?"

"ஆமா. ஃபீஸ் வாங்காத வக்கீல்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் கண் சிரித்தது. நனைந்த இமைகளுக்கு நடுவே, களைத்துப்போன இரண்டு கண்கள்... சிரிக்க மறந்திருந்தவை போல, சற்றுத் தடுமாறிச் சிரித்தன. 'இப்படியும் ஒரு ஆள் கண்ணாலேயே சிரிப்பானா...' என்று நினைத்தவள், உடனே பார்வையைத் தரையில் போட்டாள்.

கடைசியில் வக்கீல்தான் ஜெயித்தாள். வீட்டிலிருந்து ஓர் ஓட்டை வாளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கூட்டை அப்படியே அதில் இறக்கி, எதிர்ப்புறம் நின்ற பாதாம் மரத்தின் கிளையில் கட்டினான். நன்றிகெட்ட தாய்க் காக்கை அவன் ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று கொத்தித் தள்ளியது. அவன் ஒரு கையால் மரத்தையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டது...

*காக்கா அக்கா, காக்கா அக்கா,*
*கம்பி பொறுக்கிக் கட்டில் போட்ட;*
*கரன்ட் மாமா கதவத் தட்டுறார்,*
*காலி பண்ணு இந்த வீட்ட.*

பாடி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. மாதக்கணக்காக அவள் வாயிலிருந்து ஒரு பாட்டு வரவில்லை. இனி வரவே கூடாது என்றுதான் இருந்தாள்.

"யார் பாட்டுங்க இது?"

"யாரோடதும் இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

அவன் மறுநாளும் வந்தான். குஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தானாம். அதற்கு அடுத்த நாள், மீட்டர் பெட்டியைச் சோதிக்க வந்தான். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, ஒரு பல்லிதான் இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "கரன்ட் இல்லாத வீட்டுக்கு லைன்மேன் வர்றது சரி. எல்லா லைட்டும் எரியுற வீட்டுக்கும் ஏன் வர்றாராம்?" சொன்ன குரலில் கோபம் இல்லை. மகள் அறையைவிட்டு வெளியே வந்து வாசலில் நிற்பதே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

அவன் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அக்கா வீட்டோடு இருக்கிறான் என்பதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "நீங்க என்ன பண்றீங்க?" என்று அவன் கேட்டபோது, "சும்மா வீட்டுல இருக்கேன்," என்றாள். இருவரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றியே பேசிப் பழகினார்கள்.

பேச்செல்லாம் கம்பத்தில் வாழும் ஜீவன்களைப் பற்றித்தான். பத்து வருஷம் கம்பம் ஏறியும் அவனுக்கு அவை தொல்லை என்றுதான் தெரியும். லைனில் கருகித் தொங்கும் வௌவாலைக் கழியால் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவன் அவன். அவளோ ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டுக்காரர் போல அறிந்துவைத்திருந்தாள். தவிட்டுக் குருவி ஏன் கூட்டமாகவே திரிகிறது, அணில் ஏன் தலைகீழாக இறங்குகிறது, சிள்வண்டு எதை உரசிக் கத்துகிறது...

"வௌவாலுக்கு ஒண்ணு சொல்லுங்க, வக்கீலம்மா."

"பாட்டெல்லாம் வராது."

"அன்னைக்கு வந்துச்சே."

"அது தவறி வந்தது."

"இன்னொரு வாட்டி தவறுங்க... என்ன குறைஞ்சிடும்?"

அவள் தவறினாள். வௌவாலுக்கு நான்கு வரி. அணிலுக்கு நான்கு வரி. ஒவ்வொன்றையும் அடிக்குரலில், யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதுபோல் பாடினாள். பாடும்போது அவள் கண்கள் விரிவதையும், முடித்ததும் அதே கண்கள் அவசரமாக அணைந்துபோவதையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். 'எதுக்கு இந்தப் பயம்...' என்று கேட்க நினைத்தான். தனக்கே ஒரு பயம் இருந்ததால் கேட்கவில்லை.

ஒரு மாலை, சோவென்று மழை. அவன் வாசல் சாய்ப்பின் கீழ் ஒதுங்கி நின்றான். அவள் துவைத்து மடித்த துண்டை நீட்டினாள். விரல்கள் பட்டன... அவ்வளவுதான். இரண்டு பேருமே மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

"எனக்கும் ஒரு பாட்டுத் தெரியும்," என்றான் அவன். "பாடுனா சிரிக்கக் கூடாது."

"பாடுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ராகம் என்று எதுவுமில்லாமல் சொன்னான்.

*ஓணான் தாத்தா, ஓணான் தாத்தா,*
*ஓயாம ஏன் தலைய ஆட்டுற?*
*ஆமான்னா ஆமான்னு சொல்லு,*
*மாமாவப் பாத்தா கலர மாத்துற.*

அவள் சிரிக்கவில்லை. சாய்ப்பின் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டு அவளுடையது. அவள் எழுதியது 'ஆளப் பாத்தா'. அதை 'மாமாவப் பாத்தா' என்று மாற்றியவள் உலகத்தில் ஒருத்திதான். வகுப்பில் இரட்டைப் பின்னலோடு எழுந்து நின்று, "என் மாமா வந்தா எங்க வீட்டு ஓணான் பயப்படும் டீச்சர்... நான் இப்படித்தான் பாடுவேன்," என்று அடம்பிடித்த ஒருத்தி.

"இத... யார் சொல்லிக் கொடுத்தா?"

"எங்க அக்கா பொண்ணு. வீட்டுல வாலுன்னு கூப்புடுவோம். வாரா வாரம் போன்ல ஒரு பாட்டுப் பாடுவா." அவன் குரல் இறங்கியது. "இப்ப இல்ல. ஸ்கூல்ல குளவி கொட்டி..."

"தெரியும்," என்றாள் அவள்.

அவன் திரும்பினான்.

"குளவிப் பாட்டும் நான்தான் எழுதினேன்."

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளியின் பின்சுவரில் பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் அடியில் கூடு இருந்தது பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. அந்த வாரம்தான் வகுப்பில் குளவிப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதைப் பாடிக்கொண்டே சாப்பாட்டு வேளையில் குழந்தை தனியாக அங்கே போயிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினபோது குழந்தையின் முகமே அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடிய கைகள் அவளுடையவை. அவளையும் கொட்டியிருந்தது. அது அவளுக்கு வீடு வந்தபிறகுதான் தெரிந்தது.

அவன் துண்டை மடித்துத் திண்ணை மேல் வைத்தான். கொட்டும் மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

அதன் பிறகு அவன் வரவில்லை. தெருவில் ஒருநாள் கரன்ட் போனபோது வேறொரு லைன்மேன் வந்தார்.

அவள் அழவில்லை. அழக்கூட உரிமை வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனிடம் சொன்னதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. "அந்த வீட்டுப் பக்கம் போகாதே, வம்பாயிடும்," என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை நாளும் ஒளிந்திருந்தாள். வேலையை விட்டாள், பாட்டை விட்டாள்... அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கும் கடனை மட்டும் தள்ளிப்போட்டாள்.

ஒரு மத்தியானம் கிளம்பிப் போனாள்.

வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் பார்த்தபோது இருந்ததில் பாதியாக இளைத்திருந்தாள். மெஷின் நின்றது.

"இத்தனை நாள் ஆச்சு உனக்கு," என்றாள்.

"தைரியம் வரலீங்க."

"எனக்கு யார்கிட்டயாவது கத்தணும்போல இருந்துச்சு. நீ வருவ, கத்தலாம்னு இருந்தேன். தினம் வாசலையே பாத்தேன். இப்ப கத்தவும் தெம்பு இல்ல."

"கத்துங்க... நான் நிக்கிறேன்."

அக்கா கத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அந்தப் பாட்டப் பாடு."

"அக்கா..."

"எனக்கு முழுசாத் தெரியாது. முதல் ரெண்டு வரிதான் பாடுவா. மீதிய நாளைக்குப் பாடுறேம்மான்னு ஓடிட்டா. மீதி என்னன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

நின்றுகொண்டே பாடினாள்.

*குளவி ராணி, குளவி ராணி,*
*குட்டி இடுப்புக்கு என்ன தீனி?*
*கொஞ்சம் நில்லு, காதில் சொல்லு,*
*கூட்டுக்கு வரேன், கதவத் திற நீ.*

அக்கா மெஷின் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பிள்ளைக்குப் பிடிக்கும்தான். அதான் பாழாப்போச்சு. கூட்டுக்கு வரேன்னு சொன்ன... கொட்டும்னு சொல்லலையே நீ."

"சொல்லல."

"பக்கத்து வீட்டுக் குட்டிங்க இன்னும் இதப் பாடுதுங்க. என் ஜன்னலுக்குக் கீழயே நின்னு பாடுதுங்க. நான் போய் வாய மூடுங்கன்னு சொல்ல முடியுமா? மாத்திக் கொடு. சரியாப் பாடட்டும்."

அவள் அங்கேயே, நின்ற இடத்திலேயே, வரிவரியாகத் தட்டுத்தடுமாறிக் கட்டினாள். மூன்று வரி வந்தது. நான்காவது 'கும்புடு போடுறேன்' என்பதோடு நின்றுபோனது.

"'தள்ளி நின்னு'ன்னு முடி," என்றாள் அக்கா.

*குளவி ராணி, குளவி ராணி,*
*கோவம் வந்தா கொட்டுற கண்ணு;*
*கூடு உனக்கு, வீடு எனக்கு,*
*கும்புடு போடுறேன் தள்ளி நின்னு.*

அக்கா அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பாடி முடித்தவள், அருகே போய்த் தோளைத் தொட நினைத்தாள். தொடவில்லை.

"போயிட்டு வா," என்றாள் அக்கா, முகத்தை நிமிர்த்தாமலே. "ஒரேயடியா உன் முகத்தப் பாக்க என்னால முடியாது. கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கிறேன். இன்னொரு நாள் வா."

*

வெளியே மழை பிடித்திருந்தது. சுவரோரம் பைக் நின்றது. அதன் பக்கத்தில், முழுக்க நனைந்து, அவன்.

"எப்ப வந்தீங்க?"

"அக்கா பாடச் சொன்னப்பவே. உள்ள வர முடியல."

அவள் தலைகுனிந்து அவனைக் கடந்து போனாள். அவன் கூடவே நடந்தான். தெருமுனையில், பூட்டியிருந்த ஒரு கடையின் கூரைக்குக் கீழே நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல," என்றான். "அத அக்காதான் சொல்லணும். அவளும் சொல்லல."

"நானும் கேட்டு வரல."

"உங்க மேல கோவம் இருக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் சுவத்துல முட்டிக்கிட்டேன். இனி அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாதுன்னு டியூட்டிய மாத்திக் கேட்டேன்..." அவன் மூச்சு வாங்கினான். "ஆனா கம்பம் ஏறுனா நீங்கதான் நினைப்புல இருக்கீங்க. நேத்து கையுறை போடாம லைன்கிட்டக் கைய நீட்டிட்டேன். கீழ நின்னவர் கத்தலேன்னா இன்னைக்கு உங்க முன்னாடி நின்னுட்டு இருக்க மாட்டேன். என் தொழில்ல மனசுல ஒண்ண மறைச்சு வச்சுக்கிட்டு மேல ஏறக் கூடாது. அதான்... சொல்லிடறேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. கோவத்தோடயே பிடிச்சிருக்கு. கூடவே இருக்கணும்போல இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். மழைநீரா, கண்ணீரா... அவன் முகத்தில் இரண்டும் ஒன்றாய் ஓடிக்கொண்டிருந்தன.

"அவ நடுவுல நிப்பாளே," என்றாள். "நீங்க என்னப் பாக்குறப்பல்லாம் அவளும் தெரிவாளே..."

"நிக்கட்டும். எங்க போவா அவ... அவளுக்கு நம்ம ரெண்டு பேரையுமே பிடிக்கும்."

கூரையிலிருந்து வழிந்த நீர் இருவருக்கும் முன்னால் திரைபோல் விழுந்துகொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையைப் பார்த்தாள். பெருவிரல் ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தயங்கித் தயங்கி, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கையுறை போட்டுக்கிட்டு ஏறுங்க," என்றாள். "என்னால இன்னொருத்தரத் தூக்கிட்டு ஓட முடியாது. நீங்க வராத நாளெல்லாம் நானும் ஜன்னல்லயேதான் நின்னேன்... எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. சந்தோஷமா இருப்போமான்னு தெரியல. ஆனா பிடிச்சிருக்கு."