மொழிபெயர்க்கப் போனவர்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதத்து மழைத் தூறலில், ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பழைய மரவீடு ஒன்றைத் தேடி வந்த தியாகலிங்கம், காரை வேண்டுமென்றே தள்ளி நிறுத்தினார். தெரிந்தவர் யாரும் கண்டுவிடக் கூடாது. மனைவி யோகராணி நனைந்தாலும் பரவாயில்லை, மானம் நனையக்கூடாது.

கவுன்சலிங் என்பது அவரைப் பொறுத்தவரை வெள்ளைக்காரரின் வெட்டிவேலை. உண்டு கொழுத்தவர்களுக்குக் கவலையும் ஒரு பொழுதுபோக்கு என்பார். யோகராணிக்கு அது பொழுதுபோக்காக இல்லை. சமையலறையில் நிற்கும்போதே நெஞ்சு அடைக்கும், கை குளிர்ந்து நடுங்கும், செத்துவிடப் போகிறேன் என்று தரையில் குந்திவிடுவாள். பின்னால் யாரோ நின்று மூச்சுவிடுவதாகச் சொல்லுவாள். சோதித்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் ஒரு குறையுமில்லை, இது பதற்றநோய், கவுன்சலரிடம் போங்கள் என்றார். இப்படியே விட்டால் அவள் வாசற்படி தாண்டமாட்டாள் என்றும் சொன்னார்.

"விசர், பைத்தியம் எண்டு சனம் கதைக்கும்," என்றார் தியாகலிங்கம். "ஆரும் கேட்டா, பல்லு டொக்டரிட்டப் போறமெண்டு சொல்லும்."

கவுன்சலிங் நிலையத்தார் மொழிபெயர்க்கச் சாந்தகுமாரி என்ற தமிழ்ப் பெண்ணை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவள் வாய் திறந்தால் நகரத்தின் மறுகோடியிலுள்ள கிளென்ஃபீல்ட் வரைக்கும் கேட்கும் என்று மறுத்துவிட்டு, அந்த வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். அவருக்கு அது புதிதா என்ன? ஆக்லாந்துக்கு வந்திறங்கிய அகதிகளில் பாதிப்பேருக்கு அலுவலகங்களில் அவர்தான் வாய். ஒருவர் சொன்னதை அப்படியே சொல்லும் கிளிப்பிள்ளை அல்ல; அந்த ஆள் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்லுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதரிடம் யார் போய் வாதாடுவது? எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குள் ஈரக் கம்பளத்தின் நெடி. பட்டப்பகலிலும் இருட்டிக் கிடந்த நீண்ட நடைவழி. கால் வைத்த பலகை முனகியது. கால் எடுத்த பிறகும் முனகியது.

கவுன்சலர் ஹெலன் நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக அறைவாசலில் நின்று வரவேற்றாள். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தும் அறை குளிர்ந்து கிடந்தது.

"இந்தக் கிழவியே உம்மைச் சுகப்படுத்தப் போறா?" என்று மனைவியிடம் தமிழில் சொல்லிச் சிரித்தபடி தியாகலிங்கம் உட்கார்ந்தார்.

ஹெலன் யோகராணியின் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

யோகராணி ஸ்வெட்டர் நுனியை முறுக்கினாள். "எனக்குப் பின்னால ஆரோ நிக்கிற மாதிரி. மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு. சாகப்போறன் எண்டு நினைக்கிறன்."

"இவளுக்குக் கொஞ்சம் களைப்பு. குளிர் ஒத்துவரவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார் தியாகலிங்கம்.

அவருடைய பிடரியில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர். பழைய வீடு, எங்கோ காற்றுப் புகுகிறது என்று ஏளனமாக நினைத்துக்கொண்டார்.

"எப்போதிருந்து?" என்று கேட்டாள் ஹெலன்.

"ஊரில குண்டு விழேக்க பங்கருக்குள்ள இருந்த நாளில இருந்து," என்று யோகராணி குரலைத் தாழ்த்தினாள். "தங்கச்சி என்ர மடியிலதான் போனவள். நான் அழக்கூட இல்லை."

"போன மாதத்திலிருந்து. வீட்டில் சும்மா இருப்பதால் வந்தது," என்றார் தியாகலிங்கம்.

மூச்சு இப்போது காதோரம் வந்தது. ஈரமண் மணத்தது.

அவருடைய நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. அவர் அசையவில்லை.

ஹெலன் ஒருகணம் அவருடைய தோளுக்கு மேலே பார்த்தாள். பிறகு யோகராணியிடம் நிதானமாகச் சொன்னாள்: இது பைத்தியம் அல்ல. ஆபத்தில் உயிரைக் காக்க உடம்பு அடிக்கும் மணி இது. ஆபத்துப் போன பிறகும் சிலருக்கு அது ஓயாமல் அடிக்கும். அதை அமைதிப்படுத்தப் பழகலாம், நாம் சேர்ந்தே பழகுவோம், பயத்தை வாய்விட்டுச் சொல்வதுதான் முதற்படி.

தியாகலிங்கம் மனைவி பக்கம் திரும்பினார்.

"உமக்கு ஒண்டுமில்லையாம். பேசாம வீட்டை போய்ச் சமைக்கட்டாம்."

தோளில் ஒரு கை விழுந்தது.

கை என்றுதான் அவர் நினைத்தார். குளிர்ந்த பாரம். அது கழுத்துக்கு நகர்ந்தது, நெஞ்சுக்கு இறங்கியது, அங்கேயே குந்திக்கொண்டது. வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் வாயாக இருந்த அந்த வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

அறையில் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

யோகராணி நிமிர்ந்தாள். கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகச் சொன்னாள். "களைப்பு இல்லை. பயம். சமைக்கும்போது பயம். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் பயம். என் தங்கை செத்துப்போனாள். அன்றிலிருந்து பயம்."

ஹெலன் தலையசைத்தாள். யோகராணி அழுதாள், வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து ஆழமாக ஒரு மூச்சு எடுத்தாள். அது தடையில்லாமல் வந்ததில் அவளே திகைத்துப்போனாள். பிறகு கணவனைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ," என்று கிசுகிசுத்தாள். "அது இப்ப உங்களிட்ட நிக்குது."

அவர்கள் புறப்படும்போது ஹெலன் அவரையும் ஒருநாள் வரச்சொன்னாள். நடைவழிக்கு வந்ததும் அவருக்குப் பேச்சுத் திரும்பியது. முதலில் வந்தது அதே பழைய பேச்சுத்தான்.

"எனக்கென்ன விசரே?"

யோகராணி விடாமல் போனாள். சாந்தகுமாரிதான் மொழிபெயர்த்தாள், கிளென்ஃபீல்டுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. ஓரிரு மாதத்தில் யோகராணி தனியாகக் கடைக்குப் போனாள். பதற்றம் இன்னும் வந்தது, ஆனால் வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காரை வாசலிலேயே நிறுத்துங்கோ, ஆருக்கு ஒளிக்கவேணும் என்றும் சொல்லிவிட்டாள்.

தியாகலிங்கம் மெலிந்தார். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பேச எழுந்து, பேசாமல் உட்கார்ந்தார். குளியலறையில் கதவைத் திறந்து வைத்தே குளித்தார். கேட்டவர்களிடம் வயிற்றில் காஸ்ட்ரிக் என்றார். பேயைச் சுமந்தாலும் சுமப்பார், பயம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அப்படி ஒரு வீரம்!

ஆகஸ்டில் ஒரு மத்தியானம். யோகராணி ஹெலனின் அறையில் இருந்தாள். அவர் வாசலில் நின்ற காருக்குள், ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தனியாக இருந்தார். நேரம் முடிந்து யோகராணியை அழைத்து வந்த ஹெலன், அவளைப் படியில் நிற்கவைத்துவிட்டுக் காருக்கு அருகில் வந்தாள். குனிந்தாள். முன்சீட்டைப் பார்த்தாள். பின்சீட்டையும் பார்த்தாள்.

"அடுத்தமுறை குளிரில் காத்திருக்காதீர்கள்," என்றாள் கனிவாக. "நீங்கள் இரண்டு பேருமே உள்ளே வரலாம்."

"நான் தனியத்தான் வந்தனான்," என்று சொல்லப் பார்த்தார். நாக்கு எழவில்லை.

பின்சீட்டில் பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது.