பசையில்லாத கறுப்பு ட்யூப்

"ஐயோ... யாராச்சும் வாங்களேன்!"

செல்லாயியின் அலறல், மலேசியாவின் சுங்காய் பழைய ரப்பர் தோட்டம் முழுக்கக் கேட்டது.

வாய்க்கால் தண்ணீரில் அவள் கணவர் ஐயாவு குப்புறக் கிடந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச, புது பம்ப்பை ஆன் செய்துவிட்டு இறங்கியவர்... எழவேயில்லை!

தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் குமுதா, மின்சாரத்தை நிறுத்திவிட்டு தண்ணீருக்குள் கிடந்த கேபிளைத் தூக்கினார். வயர்களை ஒட்டுச் சேர்த்த ஜாயின்ட்டின் மேல் ஒரு கறுப்பு ட்யூப்.

"வயரிங் யாரு?"

"நான்தான் புவான்." பெண் அதிகாரியை மலாய் வழக்கப்படி விளித்தபடி ஆரணன் முன்னால் வந்தான். இப்போதுதான் வயர்மேன் லைசென்ஸ் வாங்கியிருந்தான்.

"ஆளையே கொன்னுட்டியே லா!" குமுதா அதட்டினார்.

"தண்ணியில கிடக்கிற ஜாயின்ட்டுக்கு, உள்ள பசை வெச்ச ட்யூப்தான் போட்டேன். சூடு காட்டினா ட்யூப் சுருங்கி இறுகும், பசை உருகி ஓரத்துல பிதுங்கும். தண்ணி போகாது... இதுல பசையே இல்ல!"

பக்கத்தில் நின்ற, ஒரே கடையில் சேர்ந்து தொழில் செய்யும் கூட்டாளி தனேஸ்வரன் பெருமூச்சு விட்டான்.

"மச்சான், சாதா ட்யூப் போதும்னு நீதானே சொன்ன? நான் எவ்வளவோ தடுத்தேன் லா!"

ஆரணன் தனேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தான். ஒரே தட்டில் சாப்பிட்டவன்... வாய் கூசாமல் சொல்கிறான்!

"ஏறு ஜீப்ல. மத்ததைக் கோர்ட்டுல பேசு."

ஒருவேளை... நான்தான் மாற்றிப் போட்டேனா?

சந்தேகம் வந்தால், செய்த வேலையை முதலிலிருந்து மனசுக்குள் செய்து பார்ப்பது ஆரணனின் பழக்கம். கேபிளை வெட்டினேன். ட்யூப்பை நுழைத்தேன். அப்புறம்தான் வயர்களைச் சேர்த்தேன்...

சட்டென்று நிமிர்ந்தான்.

"புவான், அந்த ட்யூப்பை நகர்த்திப் பாருங்க!"

குமுதா இழுத்தார். வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடியில்... கத்திக் கீறல், காய்ந்த பசை!

"நான் போட்டதை யாரோ கிழிச்சு எடுத்திருக்காங்க! ஜாயின்ட் போட்டப்புறம் வேற ட்யூப் மாட்டணும்னா, கேபிள் நுனியில இருக்கிற ப்ளக்கைத் தாண்டித்தான் நுழைக்கணும். இது கழற்ற முடியாத ப்ளக். அதான் இவ்வளவு பெரிய ட்யூப்! பாதிக்குப் பாதிதான் சுருங்கும். கேபிளைப் பிடிக்கவேயில்ல!"

"இவனுக்கு அப்புறம் இங்க வந்தது யாரு?" குமுதா கேட்டார்.

செல்லாயி கண்ணைத் துடைத்தாள்.

"தனேசுதான் நேத்து வந்துச்சு, செக் பண்ணணும்னு. 'நீங்க யாரும் தொடாதீங்க, காலையில ஆரணன் வந்து ஆன் பண்ணி, தண்ணியில இறங்கிப் பார்ப்பான்'னு சொன்னிச்சு. இவருதான் கேக்கல..."

ஆரணன் வாய்க்காலைப் பார்த்தான்.

சாக வேண்டியது ஐயாவு இல்லை...

அவன்!

"தனிக் கடை போடுவேன்னு சொன்னல்ல?" தனேஸ்வரன் சீறினான். "கஸ்டமரெல்லாம் உன் பின்னால வந்துட்டா, நான் எங்க போறது?"

கையில் விலங்கு ஏறியதும் குரல் இறங்கியது.

"மச்சான்... என்னைப் பார்க்க வருவல்ல?"

"வாரேன் லா! லோக்கப்ல ஃபேன் ஓடலைன்னா, ரிப்பேருக்கு உன்னையா விடுவாங்க?"