மினாசேயில் மஞ்சள் கொடி

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மினாசே நகர வரவேற்புக் குழு இவ்வாண்டின் மூன்றாவது உல்லாசக் கப்பலை, பன்னிரண்டு உறுப்பினர்கள், ஒரு பித்தளை ஊதுகுழல், கை கொள்ளாத மஞ்சள் கொடிகள் சகிதம், வரலாறு காணாத விமரிசையோடு வரவேற்றது.

அந்த வரலாற்றில், கப்பலிலிருந்து ஊரைப் பார்க்க இறங்கிய இசோபே ஒரு பிசகைக் கவனித்தார். கொடி அசைத்தவர்களில் ஒருவர்கூடக் கப்பலைப் பார்க்கவில்லை. இறங்கி வந்த முகங்களையே பார்த்தார்கள், ஒவ்வொன்றாக, மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

முழங்கால் வலியால் அவர் மனைவி ஃபுமியே மேல்தளத்திலேயே தங்கிவிட்டாள்.

"நாலு மணிக்கு ஏணிய எடுத்துடுவாங்க. நேரத்துக்கு வந்துடுங்க."

"முப்பது வருஷம் முனிசிபல் ஆபீசுக்கு ஒரு நாள் லேட்டா போனதில்ல நான்."

"போய் என்ன கிழிச்சீங்கன்னு யாரும் கேக்கலயே!"

ஊரில் பார்ப்பதற்கு ஒரே கடைவீதி. அதிலும் பாதிக்குமேல் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடந்தன. காயும் கணவாயின் நாற்றமும் ஈரச் சுவரின் பூஞ்சையும் கலந்து தொண்டையில் படிய, பட்டப்பகல் மூன்று மணிக்கே கூரை ஒலிபெருக்கியில், கடை மூடும்போது போடுகிற அந்த விடைபெறும் மெட்டு, கீறல் விழுந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

திறந்திருந்த ஒரே காபிக் கடையின் உரிமையாளர் கழுத்தில், இசோபேயின் கழுத்தில் இருந்ததைப் போலவே, கப்பல் பயணிக்குத் தரும் அட்டை ஒன்று தொங்கியது. வெயிலில் வெளுத்து, படத்திலிருந்த முகமே அழிந்துபோயிருந்தது.

"நீங்களும் கப்பல்ல வந்தவங்களா, அம்மா?"

அவள் அட்டையை உள்ளங்கையால் மூடினாள். "இப்ப இந்த ஊர்க்காரி. காபி ஆறி அவலாப் போகுது, குடிங்க."

தபால்காரர் கழுத்திலும் ஒன்று. டாக்சி ஓட்டுநர் கழுத்திலும். வெவ்வேறு கப்பல்கள். எல்லாம் பழையவை.

காபியை அப்படியே வைத்துவிட்டு நடந்தார். பிறகு ஓடினார்.

மூன்றே முக்காலுக்குத் துறைமுகம் வந்தது. எதிரே ஏணி. மேலே ஃபுமியே. அவருக்கு உயிர் வந்தது.

"ஐயா, கொஞ்சம் பிடிங்களேன். செருப்பு வார் அறுந்துடுச்சு," என்று வரவேற்புக் குழுத்தலைவி ஒரு மஞ்சள் கொடியை நீட்டினாள்.

நீட்டியதை இரு கைகளாலும் வாங்கிக் குனிவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். மூளைக்கு முன்னால் முதுகு வளைந்துவிட்டது.

நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை; தன் தலையிலிருந்த தொப்பியையும் காணவில்லை. ஏணியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தார். இசோபேயின் தொப்பி. இசோபேயின் நடை.

கத்த வாய் திறந்தார். சத்தம் இல்லை. காலும் நகரவில்லை. கை மட்டும் அசைந்தது.

பக்கத்தில் தபால்காரர் கிசுகிசுத்தார்: "கப்பல் மறையுற வரைக்கும் கைய இறக்கிடாதீங்க. மரியாதையா இருக்காது."

மேல்தளத்தில் ஃபுமியே சிரித்தாள். அவள் தோளில் ஒரு கை. இசோபேயின் அதே முகம் கீழே பார்த்தது. இவரை மட்டும். பதிலுக்குக் கை அசைத்தது.

கப்பல் சரியாக நான்கு மணிக்குக் கிளம்பியது. பயணிகள் எண்ணிக்கையில் குறை எதுவும் இல்லை.