கடைசி முடிச்சுக்குப் பின்னால்

கயிற்றில் பதினேழு வெளுத்த இடங்கள் இருந்தன. பதினாறுதான் இருக்க வேண்டும்.

மதியச் சுற்று முடிந்த கையோடு, படகுத்துறைக் கொட்டகையின் நீள மேசையில் கயிற்றைப் போட்டு அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த பருத்திக் கயிறு. நனைந்தால் ஈரமண் நிறத்துக்குக் கறுத்துவிடும். ஆனால் ஒருவர் இறுகப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்குள் தண்ணீர் அவ்வளவாக இறங்காது. கையை எடுத்ததும் அந்த இடம் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு வெளுப்பாகத் தெரியும். கால் மணி நேரத்தில் ஈரம் பரவி அதுவும் மறைந்துவிடும். அதற்குள் எண்ணிப் பார்த்துவிடுவது அவள் பழக்கம். எந்த இடம் மங்கலாக இருக்கிறதோ அந்த ஆள் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. பதினோரு வருடம் அருவிக்குப் பின்னால் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்த் தானாகக் கண்டுபிடித்தது.

முதல் முடிச்சு வழிகாட்டியான அவளுடையது. பிறகு பதினான்கு பயணிகள். பதினாறாவதான கடைசி முடிச்சு அவள் கணவனுடையது. அதற்குப் பின்னாலும் கயிறு இரண்டு ஆள் நீளத்துக்கு நீண்டு கிடக்கும். யாராவது வழுக்கி விழுந்தால் வீசுவதற்கான மிச்சம். அதில் முடிச்சும் கிடையாது, பிடிக்க ஆளும் கிடையாது. பாறையில் சும்மா இழுபட்டு வரும்.

பதினேழாவது வெளுப்பு அந்த மிச்சத்தின் நடுவில் இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாக.

தொட்டுப் பார்த்தாள். ஆள் பிடித்த இடத்தில் கைச்சூடு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இது பனிக்கட்டி போல இருந்தது.

வெளியே அவள் கணவன் மிதவைச் சட்டைகளை உதறிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அவன் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். பின்னாடி ஆள் வருது. எனக்குப் பின்னாடி யாரோ கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. இன்னொரு தடவை அப்படித் தோணிச்சுன்னா அண்ணனோட மரக்கடைக்கே வேலைக்குப் போயிடுவேன். அவள் சிரித்து ஒதுக்கியிருந்தாள். மரக்கடை ஒரு பகல் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தது. அவன் போய்விடுவான், அவளால் இந்தத் தண்ணீரை விட்டுப் போக முடியாது. அப்புறம் குடித்தனம் என்று சொல்ல என்ன மிஞ்சும்?

குடத்திலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு அந்த வெளுப்பின் மேல் ஊற்றினாள். அது கறுத்தது. பதினாறு.

"எல்லாம் சரியா இருக்கா?" கணவன் வாசலில் நின்றான்.

"எப்பவும் போலத்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றதுக்கு யாருக்குங்க அவ்வளவு ஆசை? வீட்டுல நான் ஒருத்தி வர்றது பத்தாதா?"

அவன் சிரிக்கவில்லை. முகம் மூன்று நாளில் இறங்கிப் போயிருந்தது. "நாலு மணிச் சுத்துக்கு நான் வரலை. மீசைக்காரரைக் கூட்டிக்க."

"அவர் வந்துட்டா படகை யாரு ஓட்டுறது?" அவள் கயிற்றைச் சுருட்டினாள். "சரி, இப்படிப் பண்ணுவோம். நீங்க முன்னாடி போங்க. நான் கடைசியில வர்றேன். அந்த ஆளை நானே பாத்துட்டு, ஏன்யா என் வீட்டுக்காரரைப் போட்டு இந்தப் பாடு படுத்துறேன்னு கேட்டுட்டு வர்றேன்."

"விளையாட்டு இல்லம்மா."

"யாருமே வரலைன்னா மரக்கடைப் பேச்சை விட்டுடணும். சரியா?"

அவன் தலையசைத்தான்.

நான்கு மணிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். மழைச்சட்டைகளை மாட்டிக்கொண்டு, யார் தொப்பை யார் சட்டைக்குள் அடங்கவில்லை என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். சொந்தமாக ரோஸ் மழைச்சட்டை கொண்டுவந்திருந்த ஒரு பருமனான அம்மாவும் இருந்தாள். அவள் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டாள். அதனாலேயே வழிகாட்டிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"இவ்வளவு சத்தம் எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?" என்று வழிகாட்டி வழக்கமான இடத்தில் ஆரம்பித்தாள். "பாறையில தண்ணி மோதுறதுனாலன்னு சொல்வீங்க. அதைவிடக் குமிழிதாங்க காரணம். விழுற தண்ணி காத்தையும் சேத்து உள்ள இழுத்துக்கிட்டுப் போகும். அடியில அது கோடிக்கணக்கான குமிழியா உடையும். ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மணி. எல்லா மணியும் ஒண்ணா அடிச்சா இப்படித்தான் இருக்கும்."

"அப்போ உள்ள பேசினா கேக்காதா?" என்றாள் ரோஸ் சட்டை அம்மா.

"உங்க குரல் உங்களுக்கே கேக்காது. அதுக்குத்தான் கயிறு. கைப்பிடிக் கம்பி போட்டா ஒவ்வொரு மழைக்கும் அடிச்சிட்டுப் போயிடுது, அதனால நாமளே கம்பி. ஆளுக்கு ஒரு முடிச்சு. முன்னாடி போறவர் திரும்பிப் பாக்கவே மாட்டார். திரும்பினா சாரல் கண்ணை அடைச்சிடும், கால் வழுக்கிடும். கயிறுதான் அவருக்குக் கண்ணு. ஒரு இழுப்பு வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம். ரெண்டுன்னா நில்லுங்க. எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் அப்படியே அடுத்தவருக்குக் கடத்தி விடணும். கடைசி ஆள் மட்டும் கடத்த மாட்டார், பதில் கொடுப்பார்."

"மூணு இழுத்தா?" என்றார் வாத்தியார்.

"யாரோ கயித்தை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். உடனே பாறைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிட்டு அசையாம நிக்கணும். கடைசி ஆள் ஒவ்வொருத்தர் தோளா தொட்டுக்கிட்டே முன்னாடி வருவார். ஆள் இல்லாத முடிச்சு எதுன்னு பாத்து, அதைப் பிடிச்சுக்குவார். வரிசையில ஓட்டை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"என் வீட்டுக்காரரையும் இப்படிக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கலாம்," என்றாள் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

படிகளில் இறங்கினார்கள். அவள் கணவன் முதலில். அவள், பதினோரு வருடத்தில் முதன்முறையாக, கடைசியில். அவளுக்கு நேர் முன்னால் ரோஸ் சட்டை. ஒவ்வொரு திருப்பத்திலும் அருவியின் ஓசை ஒரு படி ஏறியது, முதலில் காதில், பிறகு நெஞ்செலும்பில், பிறகு பல்லில். பாசியும் குளிர்ந்த இரும்பும் கலந்ததுபோன்ற வாசனை எழுந்து வந்து தொண்டையில் படிந்தது. கடைசிப் படியைத் தாண்டிப் பாறை விளிம்பில் கால் வைத்ததும் வெளிச்சம் பச்சையாகி, இடப்பக்கம் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும் அந்த வெள்ளைச் சுவரைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே இல்லாமல் போயிற்று.

ஒருவர் பாறையோடு ஒட்டி நின்றால்தான் இன்னொருவர் உரசிக் கடக்க முடிகிற அகலம். நாற்பது கெஜ நீளம். பத்து அடிக்கு ஒருமுறை முன்னாலிருந்து ஓர் இழுப்பு வரும்.

வந்தது. ரோஸ் சட்டை கடத்தியது. அவள் பதில் இழுத்தாள். எல்லாம் சரி.

பின்னால் மிச்சக் கயிறு பாறையில் உரசி வருவது அவள் மணிக்கட்டில் லேசான நடுக்கமாகத் தெரிந்தது. நினைத்ததைவிட அது துணையாக இருந்தது. மரக்கடைப் பேச்சு இன்றோடு ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த பத்தடியில் மறுபடி ஓர் இழுப்பு. பதில் இழுத்தாள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் மணிக்கட்டில் அந்த நடுக்கம் இல்லை என்பது உறைத்தது. கயிறு பாறையில் உரசவில்லை. தரையைவிட்டு எழுந்திருந்தது.

எங்கேயாவது மாட்டியிருக்கும். பாறை இடுக்குகள் எத்தனையோ. அவள் நின்றாள். மாட்டிய கயிறாக இருந்தால், முன்னே நடந்தால் இறுகும், நின்றாலும் இறுகியபடியே இருக்கும். இது தளர்ந்தது. அவள் நடந்தாள். அதுவும் கூடவே வந்தது. மாட்டிக்கொண்ட எதுவும் கூட நடந்து வராது.

அடுத்த இழுப்பு முன்னாலிருந்து வந்தது. அவள் பதில் கொடுக்கக் கையைத் தயார்ப்படுத்துவதற்குள் பதில் வந்துவிட்டது. பின்னாலிருந்து. நிதானமான, சரியான ஓர் இழுப்பு. பதினோரு வருடம் பழகிய அவள் கை, அவளைக் கேட்காமலேயே, அதை முன்னால் கடத்திவிட்டது.

கடத்திய பிறகுதான் புரிந்தது. கடத்துபவர் கடைசி ஆள் இல்லை.

வாசனை மாறியிருந்தது. பாசி இல்லை. ஈரத்துணியை மூட்டை கட்டிப் பெட்டிக்குள் பல நாள் பூட்டி வைத்தால் வருமே, அது. அவளுடைய பிடரிக்கு மிக அருகில். திரும்பக் கூடாது. திரும்பினால் சாரல் கண்ணை அடைக்கும். அவளே சொன்னதுதான். கயிற்றைத்தான் படிக்க வேண்டும். படித்தாள். பின்னால் பிடித்திருந்த கை ஒரே இடத்தில் இல்லை. நகர்ந்துகொண்டிருந்தது. கைக்கு முன் கை. கைக்கு முன் கை. அவளுடைய முடிச்சை நோக்கி.

இரண்டு முழம்.

ஒரு முழம்.

குளிர்ந்த எதுவோ அவள் சுண்டுவிரலைத் தொட்டது.

அவள் கயிற்றை விட்டாள்.

பதினோரு வருடத்தில் எத்தனையோ பயந்தவர்களைத் திட்டியிருக்கிறாள், உயிரே போனாலும் கயிற்றை விடக் கூடாது என்று. விட்டுவிட்டாள். விட்ட மறுகணம் கயிறு அவள் கண்ணெதிரே காற்றில் மூன்று முறை துள்ளியது. தெளிவாக. முறையாக. ரோஸ் சட்டை அதைக் கடத்தியது. வரிசை நின்றது. பதினான்கு பேரும் சொன்னபடியே பாறைப் பக்கம் திரும்பினார்கள், கண்ணை மூடினார்கள். வரிசையின் தொலைவில் அவள் கணவனும் நின்றுவிட்டான். திரும்பவில்லை. முன்னாடி போறவர் திரும்ப மாட்டார்.

அவள் கத்தினாள். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

இடது தோளில் ஒரு கை விழுந்தது.

கனம். மழைச்சட்டையையும் மீறி எலும்புவரை இறங்கிய குளிர். எண்ணுகிற கை. அவளைத் தொட்டுப் பார்த்தது. அவளுடைய வெறும் கைகளைத் தடவிப் பார்த்தது. முடிச்சு இல்லை என்று அறிந்துகொண்டது. பிறகு அவளுக்கும் பாறைக்கும் நடுவே, ஒரு தாள்கூட நுழையாத இடத்தில், ஈரமாக எதுவோ நீளமாகத் தேய்த்துக்கொண்டு கடந்துபோனது. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினாள்.

திறந்தபோது ரோஸ் சட்டைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முதுகு இருந்தது. அவளுடையதைப் போலவே மஞ்சள் மழைச்சட்டை. அதே உயரம். கடைசி முடிச்சைப் பிடித்திருந்தது. மிச்சக் கயிற்றை அழகாகச் சுருட்டித் தோளில் போட்டிருந்தது.

ஓர் இழுப்பு. எல்லாம் சரி.

வரிசை நகர்ந்தது.

கயிறு இல்லாமல் அந்த விளிம்பில் நிற்க முடியாது. விழும் தண்ணீர் இழுத்துவரும் காற்று ஆளைப் பாறையில் அறையும், அடுத்த மூச்சில் வெளியே உறிஞ்சும். அவள் நாலு காலில் தவழ்ந்தாள். முழங்கால் கிழிந்தது. முன்னால் மஞ்சள் முதுகு சிறுத்து, சாரலில் கரைந்து, மறைந்தது.

மறுமுனைத் துறைக்கு அவள் வந்து சேர்ந்தபோது, எல்லோரையும் திரும்பக் கூட்டிப்போகும் படகு புறப்பட்டிருந்தது. இருபது கெஜம் இருக்கும். நடுவில் மெல்லிய நீர்த்திரை, அதற்கப்பால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மீசைக்காரர் வழக்கம்போல அருவியின் காலடியைப் பார்த்துப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாத்தியார் படம் எடுத்தார். ரோஸ் சட்டை அம்மா கையை ஆட்டி என்னவோ கேள்வி கேட்டாள். பின்பலகையில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு. பக்கத்தில் மஞ்சள் மழைச்சட்டை. அவன் ஒரு துண்டை எடுத்து அதன் தலையைத் துவட்டினான், மெதுவாக, வீட்டில் துவட்டுவதுபோல. அதன் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். யாருமே வரலைதானே என்று கேட்டிருப்பான்.

அது தலையசைத்தது.

அவள் கத்தினாள். கல்லை எடுத்து வீசினாள். குமிழிகள் எல்லாவற்றையும் விழுங்கின.

துண்டு நனைந்துவிட்டது. அவன் பிழிந்தான், மறுபடி துவட்டினான். மறுபடி நனைந்தது. மஞ்சள் கைகளிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. சொட்டவில்லை. ஊற்றியது. குழாயைத் திறந்துவிட்டாற்போல, முழங்கையிலிருந்து, கழுத்திலிருந்து, முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து. படகின் தரையில் தண்ணீர் ஏறியது. பயணிகள் சாரல் என்று நினைத்துச் செருப்புக்கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் காலை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள்.

படகு நடுமடுவுக்குப் போயிற்று. விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

நான்கு விரல்.

அவள் கணவன் இன்னும் துவட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று விரல். இரண்டு.